சீனிக்குக் கூப்பன் கொடுத்த அமெரிக்கா

இரண்டாம் உலக யுத்தம் என்றதும் எங்கடை ஆட்களுக்கு ஹிட்லர் நினைவுக்கு வருவார், ஹிரோஷிமா நினைவுக்கு வரும். வயது போனவர்கள் என்றால் திருகோணமலையில் யப்பான்காரன் குண்டு போட்ட கதையைச் சொல்லுவார்கள். அது நடந்தது 1942 ஏப்ரல் 9 இல். அந்த வருசச் சித்திரைப் புத்தாண்டுக்கு இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது. உயர்தர வகுப்பில் நான் படித்த வரலாற்றிலும் படையெடுப்பு, ஒப்பந்தம், திகதி இவைதான். அந்த நேரம் சனம் என்ன சாப்பிட்டது, ஒரு இறாத்தல் பாண் என்ன விலை, செய்தியை எப்படி அறிந்தது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. யுத்தத்துக்குள் இருந்து வந்த எங்களுக்கு முதலில் கேட்கத் தோன்றுவது இந்தக் கேள்விகள்தான்.

அதனால் இந்த மலருக்கு ஒரு நாட்டை எடுத்து எழுதுகிறேன். உலகத்திலேயே பணக்கார நாடு, நகரங்களில் குண்டு விழாத நாடு. அமெரிக்கா. அங்கேயும் சீனிக்குக் கூப்பன் இருந்தது, கோப்பிக்குக் கூப்பன் இருந்தது, சப்பாத்துக்குக்கூட இருந்தது என்பது கனபேருக்குத் தெரியாது. அந்தத் தட்டுப்பாட்டை அவர்கள் எப்படிப் பங்கிட்டார்கள், அந்தப் பங்கில் யாரை வெளியே விட்டார்கள் என்பதில் எங்களுக்கும் யோசிக்க விசயம் இருக்கிறது.

ரயரில் தொடங்கிய தட்டுப்பாடு

1941 டிசெம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஹவாய்த் தீவில் உள்ள பேர்ள் ஹாபர் துறைமுகத்தை யப்பான் தாக்கியது. அடுத்த நாள் அமெரிக்கா யுத்தப் பிரகடனம் செய்தது. ஒரு மாதம் முடிய முன்னரே, 1942 ஜனவரித் தொடக்கத்தில், முதல் பங்கீடு வந்துவிட்டது. அது சாப்பாட்டுக்கு இல்லை. காருக்குப் போடும் ரயருக்கு.

காரணம் றப்பர். அமெரிக்காவுக்கு வந்த றப்பரில் பத்தில் ஒன்பது பங்கு மலாயா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் இருந்த பக்கத்திலிருந்துதான் வந்தது. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் விழுந்தது. றப்பர் தோட்டங்கள் முழுவதும் யப்பானின் கையில். அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் யார்? பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போன தமிழ்ச் சனம். அவர்களில் பல்லாயிரம் பேரை யப்பானியர் சீயம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். மலாயா போன பிறகு நேச நாடுகளுக்கு இயற்கை றப்பர் கொடுத்த முக்கியமான இடம் இலங்கை. மரம் பழுதாகப் போனாலும் பரவாயில்லை என்று மலையகத் தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சிப் பால் வெட்டுவித்தார்கள். வெட்டியதும் எங்கள் மலையகத் தமிழர்தான். அமெரிக்கக்காரன் ஒரு ரயருக்கு அலைந்த கதைக்குப் பின்னால் எங்கள் ஆட்களின் கதையும் கிடக்கிறது என்பதற்காகவே இதை எழுதினேன்.

1942 பெப்ரவரியில் சனத்துக்குக் கார் செய்வதையே நிறுத்தினார்கள். கார்த் தொழிற்சாலைகள் ராங்கியும் விமானமும் செய்யத் தொடங்கின. கிழக்குக் கரையில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களைத் தாழ்த்தியதால் 1942 மே மாதம் அங்கே பெற்றோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. டிசெம்பர் 1 இலிருந்து நாடு முழுவதும் வந்தது. நாடு முழுக்கப் பார்த்தால் பெற்றோலுக்கு அவ்வளவு பஞ்சம் இல்லை. பெற்றோலைக் குறைத்தால் சனம் காரைக் குறைவாக ஓடும், ரயர் தேயாது. அதுதான் கணக்கு. சாதாரணக் காருக்குக் கிழமைக்கு 4 கலன், பிறகு 3 கலன். எந்த வீதியிலும் மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓடக்கூடாது. ரயர்ப் பங்கீட்டுப் பிரிவில் 1942 இல் சில மாதங்கள் வேலை செய்த ஒரு இளம் சட்டத்தரணியின் பெயர் றிச்சர்ட் நிக்சன். பின்னாளில் ஜனாதிபதியானவர்.

கூப்பன் புத்தகம்

சாப்பாட்டுச் சாமானில் முதலில் சீனி. 1942 மே மாதம் பள்ளிக்கூடங்களில் வைத்து, ஆசிரியர்மார் இருந்து பெயர் பதிந்து, முதலாவது கூப்பன் புத்தகத்தைக் கொடுத்தார்கள். பிறந்த குழந்தைக்கும் ஒரு புத்தகம். வீட்டில் எவ்வளவு சீனி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கூட வைத்திருந்தால் அதற்கேற்ப முத்திரைகளைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தருவார்கள். தொடக்கத்தில் ஆளுக்குக் கிழமைக்கு அரை இறாத்தல் சீனி.

1942 நவம்பர் கடைசியில் கோப்பி. 15 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு ஐந்து கிழமைக்கு ஒரு இறாத்தல். 1943 பெப்ரவரியில் சப்பாத்து. வருசத்துக்கு 3 சோடி. மார்ச்சில் ரின்னில் அடைத்த உணவு, அதே மாதக் கடைசியில் இறைச்சி, பட்டர், சீஸ்.

ரின் சாமானுக்கும் இறைச்சிக்கும் வைத்த முறை கொஞ்சம் வித்தியாசமானது. காசும் கொடுக்க வேண்டும், புள்ளியும் கொடுக்க வேண்டும். ரின் சாமானுக்கு நீல முத்திரை, இறைச்சிக்கும் பட்டருக்கும் சிவப்பு முத்திரை. ஆளுக்கு மாதம் 48 நீலப் புள்ளி. எந்தச் சாமான் குறைவாக இருக்கிறதோ அதற்குப் புள்ளி ஏறும். கூட இருந்தால் இறங்கும். கடைக்குப் போகும் அம்மா விலையையும் பார்க்க வேண்டும், பேப்பரில் வந்த புள்ளிப் பட்டியலையும் பார்க்க வேண்டும். 1944 இல் மிச்சப் புள்ளி திருப்பிக் கொடுப்பதற்கென்று சிவப்பிலும் நீலத்திலும் சின்ன வில்லைகளைக்கூட விட்டார்கள்.

இதில் பகிடியும் நடந்தது. 1943 ஜனவரியில் வெட்டிய பாண் விற்பதைத் தடை செய்தார்கள். வெட்டிய பாண் கெதியில் காய்ந்து போகும், அதைச் சுற்ற மெழுகுத்தாள் கூடத் தேவை என்பது காரணம். வேலைக்குப் போகிறவர்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் காலையில் இத்தனை துண்டு பாண் யார் வெட்டுவது என்று பெண்கள் சத்தம் போட, மார்ச்சில் தடையை எடுத்துவிட்டார்கள். இறைச்சி பொரித்த கொழுப்பை ரின்னில் சேர்த்து இறைச்சிக் கடையில் கொடுத்தால் காசு கிடைக்கும். 1943 கடைசியிலிருந்து சிவப்புப் புள்ளியும் கிடைத்தது. அந்தக் கொழுப்பில் எடுத்த கிளிசரின் வெடிமருந்துக்குப் போனது. வீட்டுப் பின்வளவுகளில் 2 கோடியளவு மரக்கறித் தோட்டங்கள் போட்டார்கள். நாட்டில் விளைந்த மரக்கறியில் 40 வீதமளவு அவற்றிலிருந்து வந்ததாக அந்தக் காலத்தில் கணக்கிட்டார்கள். நைலோன் பரசூட்டுக்குப் போனதால் காலுறை இல்லாமல், கால் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு கீறிக்கொண்டு வேலைக்குப் போன பெண்களும் உண்டு.

விலையைப் பிடித்து வைத்த கதை

சாமான் குறைந்து கையில் காசு கூடினால் விலை என்ன செய்யும் என்று எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. அமெரிக்காவிலும் 1942 இல் மட்டும் விலைவாசி 11 வீதமளவு ஏறியது. அதைத் தடுக்க விலை நிர்வாக அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அதில் விலைப் பிரிவைப் பார்த்தவர் கனடாவில் பிறந்த ஜோன் கென்னத் கல்பிரெய்த் என்ற பொருளியலாளர். அப்போது அவருக்கு முப்பது வயது கடந்து சில வருசம்தான். பிறகு 1961 இலிருந்து 1963 வரை இந்தியாவில் அமெரிக்கத் தூதுவராக இருந்தார்.

1942 ஏப்ரல் 28 இல் கட்டளை வந்தது. மார்ச் மாதத்தில் ஒரு கடை ஒரு சாமானை எந்த ஆகக்கூடிய விலைக்கு விற்றதோ, அதற்கு மேல் விற்கக்கூடாது. அடுத்த வருசம் ஏப்ரலில் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கினார்கள். கடைகளில் உச்ச விலைப் பட்டியல் ஒட்ட வேண்டும். நாடு முழுவதும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட உள்ளூர்ப் பங்கீட்டுச் சபைகள். பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டர்கள். வீட்டுப் பெண்களே கடை கடையாகப் போய் விலையைச் சரிபார்த்தார்கள்.

அந்த நாளில் ஒரு இறாத்தல் பாண் 9 சதமளவு. கால் கலன் பால் 15 சதமளவு. ஒரு கலன் பெற்றோல் 20 சதமளவு. கடித முத்திரை 3 சதம். நியூயோர்க்கில் சுரங்க ரயிலுக்கு 5 சதம், ஒரு போத்தல் கொக்கா கோலாவுக்கும் 5 சதம். 1944 முழுவதற்கும் விலை ஏறியது 2 வீதம்கூட இல்லை.

எல்லாரும் நேர்மையாக நடந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. கள்ளச் சந்தை இருந்தது. இறைச்சியில் அது கூடுதலாக நடந்தது. பெற்றோல் முத்திரையைக் களவாக அச்சடித்தார்கள். ஆனாலும் பெரும்பாலான சனம் அந்த முறையை ஏற்றுக்கொண்டது. பணக்காரன் பிள்ளைக்கும் அதே அரை இறாத்தல் சீனிதான் என்று கண்ணுக்குத் தெரிந்ததால்தான் ஏற்றுக்கொண்டது என்று நான் நினைக்கிறேன். யுத்தம் முடிந்து 1946 நடுப்பகுதியில் கட்டுப்பாடு தளர்ந்ததும் அந்த ஒரே வருசத்தில் விலைவாசி 18 வீதம் ஏறியது. சீனிக் கூப்பன் மட்டும் 1947 யூன் வரை இழுபட்டது.

வேலையும் சம்பளமும்

இந்த இடத்தில்தான் அவர்களுடைய யுத்தமும் எங்களுடைய யுத்தமும் பிரிகின்றன. எங்களுக்கு யுத்தம் தொழிலைப் பறித்தது. அவர்களுக்குத் தொழில் கொடுத்தது. 1940 இல் வேலையில்லாதோர் 14 வீதத்துக்கு மேல். 1944 இல் 1.2 வீதம். தொழிற்சாலைத் தொழிலாளியின் சராசரிக் கிழமைச் சம்பளம் 1940 இல் 25 டொலர் அளவு. 1944 இல் 46 டொலர் அளவு. கையில் காசு இருந்தது, வாங்கச் சாமான் இல்லை. அந்தக் காசை அரசாங்கம் யுத்தக் கடன் பத்திரமாக வாங்கியது. 18 டொலர் 75 சதம் கொடுத்தால் பத்து வருசத்தில் 25 டொலர் திரும்பி வரும். பிள்ளைகள் 10 சத முத்திரையை ஒவ்வொன்றாக ஒட்டிச் சேர்த்தார்கள்.

மிச்சிகன் மாநிலத்தில் வில்லோ றன் என்ற இடத்தில் இருந்த போர்ட் தொழிற்சாலை உச்ச நேரத்தில் மணித்தியாலத்துக்கு ஒன்றாக பி-24 குண்டு விமானத்தை வெளியே விட்டது. மொத்தம் 8,685 விமானம். வேலை இருந்த ஊர்களில் இருக்க வீடில்லை. ஒருவர் வேலைக்கு எழும்பிப் போக, இரவு வேலை முடித்து வந்த மற்றவர் அதே கட்டிலில் படுத்தார். வந்த புதிதில் ஒரு அறையில் ஏழெட்டுப் பேர் இருந்த எங்கடை ஆட்களுக்கு இது விளங்கும்.

1940 இல் வேலைக்குப் போன பெண்கள் 1 கோடி 20 லட்சம் அளவு. யுத்தக் கடைசியில் 1 கோடி 90 லட்சம் அளவு. ஆணி அடித்தார்கள், இரும்பு ஒட்டினார்கள், பாரந்தூக்கி ஓட்டினார்கள். அதே வேலைக்கு ஆண்களைவிடச் சம்பளம் குறைவு. யுத்தம் முடிந்ததும் கனபேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

செய்தி

பத்து வீட்டில் எட்டுக்கு மேல் றேடியோ இருந்தது. 1942 பெப்ரவரி 23 இரவு ஜனாதிபதி றூஸ்வெல்ற் வானொலியில் பேசினார். உலகப் படத்தை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு கேளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். கடைகளில் படங்கள் விற்றுத் தீர்ந்தன. சனம் விரலை வைத்து இடங்களைப் பார்த்துக்கொண்டு கேட்டது. அவர் பேசிக்கொண்டிருந்த நேரத்திலேயே யப்பானிய நீர்மூழ்கி ஒன்று கலிபோர்னியாக் கரையில் ஒரு எண்ணெய் வயலைச் சுட்டது. பெரிய சேதமில்லை.

தணிக்கையும் இருந்தது. பத்திரிகைகள் தாங்களாகவே கடைப்பிடிக்கும் விதிமுறை என்று பெயர். எதிரிக்கு உதவும் என்று வானொலியில் காலநிலை அறிக்கைகூடச் சொல்லவில்லை. இறந்து கிடக்கும் அமெரிக்கச் சிப்பாயின் படத்தை 1943 செப்ரெம்பர் வரை சனத்துக்குக் காட்டவில்லை. லைப் சஞ்சிகையில் முதன்முதலாக வந்தது, நியூகினியில் பூனா கடற்கரையில் மூன்று பேர் இறந்து கிடக்கும் படம்.

மறைத்த செய்தி ஒன்று உயிரைக் குடித்தது. 1944 நவம்பரிலிருந்து யப்பான் கடதாசிப் பலூன்களில் குண்டு கட்டிக் காற்றில் விட்டது. அந்தக் கடதாசியை ஒட்டியவர்களில் யப்பானியப் பள்ளிக்கூட மாணவிகளும் இருந்தார்கள். ஒன்பதாயிரமளவு விட்டதில் முந்நூறு வரை அமெரிக்கப் பக்கம் வந்து சேர்ந்தது தெரிய வந்தது. யப்பானுக்குத் தெரியக்கூடாது என்று பத்திரிகைகள் வாய் திறக்கவில்லை. 1945 மே 5 இல் ஒறிகன் மாநிலத்தில் பிளை என்ற சிற்றூருக்குப் பக்கத்துக் காட்டுக்கு, தேவாலயத்துப் பிள்ளைகள் போதகரோடும் அவர் மனைவியோடும் உல்லாசமாகப் போனார்கள். நிலத்தில் கிடந்த பொருள் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. ஐந்து பிள்ளைகளும் கர்ப்பிணியாக இருந்த போதகரின் மனைவியும் இறந்தார்கள். அமெரிக்கப் பெருநிலத்தில் எதிரியின் தாக்குதலில் சனம் இறந்தது அந்த ஒரு இடத்தில்தான். அதன் பிறகுதான் பகிரங்கமாக எச்சரிக்கை கொடுத்தார்கள். பங்கர் வெட்டிய, செல் கூவும் சத்தத்தை வைத்தே எங்கே விழும் என்று சொன்ன எங்கள் சனத்துக்கு ஒன்று தெரியும். ஆபத்தை அறிந்திருப்பதும் ஒரு பாதுகாப்புத்தான்.

படமும் விளையாட்டும்

கிழமைக்கு எட்டு ஒன்பது கோடி ரிக்கற் விற்றது. பெரியவர்களுக்குச் சராசரியாக 30 சதமளவு. இரவு வேலைக்காரருக்காகத் தொழிற்சாலை நகரங்களில் விடிய விடியப் படம் ஓடியது. நானும் இரவு முறை வேலை செய்கிற ஆள்தான், விடியப்புறம் மூன்று மணிக்குப் படம் பார்க்கப் போனவர்களின் மனம் எனக்குத் தெரியும். பேஸ்போல் விளையாட்டை நிறுத்தவேண்டாம் என்று 1942 ஜனவரியில் றூஸ்வெல்ற்றே கடிதம் எழுதினார். ஆண்கள் படைக்குப் போக, 1943 இல் பெண்களுக்கென்று ஒரு பேஸ்போல் சங்கம் தொடங்கியது. கேற் ஸ்மித் என்ற பாடகி அந்த வருசம் செப்ரெம்பரில் ஒரே நாளில் திரும்பத் திரும்ப வானொலியில் பேசி, 4 கோடி டொலருக்குக் கொஞ்சம் குறைவாகக் கடன் பத்திரம் விற்றார்.

1942 நவம்பரில் நியூயோர்க்கில் முதலில் காட்டிய 'கசபிளாங்கா' படத்தை எங்கள் ஆட்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். காதல் படம் என்றுதான் சொல்லுவார்கள். ஆனால் அது விசாவுக்காகக் காத்திருக்கும் அகதிகளின் படம். கடிதம், கையெழுத்து, ஏஜென்சிக் காசு, கடைசி விமானம் எல்லாம் அதில் இருக்கிறது. நடித்தவர்களில் பலர் உண்மையிலேயே ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தவர்கள். நாசி அதிகாரியாக நடித்த கொன்ராட் பைட், யூத மனைவியோடு ஜேர்மனியை விட்டு வெளியேறியவர்.

கூப்பனுக்கு வெளியே

இனித்தான் கசப்பான பகுதி. உலகப் படத்தை விரிக்கச் சொல்லி றூஸ்வெல்ற் பேசியதற்கு நாலு நாள் முதல், 1942 பெப்ரவரி 19 இல், அவர் இன்னொரு கட்டளையில் கையெழுத்து வைத்தார். அதன்படி மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1 லட்சத்து 20 ஆயிரம் பேரை வீட்டை விட்டு எழுப்பினார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த பிரசைகள். கையில் தூக்கக்கூடியதை மட்டும் கொண்டு வரலாம். வீடு, கடை, தோட்டம் எல்லாம் வந்த விலைக்குப் போனது. லொஸ் ஏஞ்சல்சுக்குப் பக்கத்தில் சாந்தா அனிற்றா குதிரைப் பந்தயத் திடலில், குதிரை கட்டிய கொட்டில்களில் குடும்பங்களைப் படுக்க வைத்தார்கள். பிறகு பத்து முகாம்கள். முள்ளுக்கம்பி, காவற்கோபுரம். முகாமுக்குள் வேலை செய்தால் மாதம் 12, 16 அல்லது 19 டொலர். வெளியே தொழிலாளி ஒரு கிழமையில் எடுத்த 46 டொலரோடு இதை வைத்துப் பாருங்கள். கலிபோர்னியாவில் மரக்கறி விளைவித்த சனத்தைத் துரத்திவிட்டு, நாட்டு மக்களைப் பார்த்து மரக்கறி நடுங்கள் என்றார்கள். முகாமிலிருந்து பிள்ளைகள் அமெரிக்கப் படைக்குப் போனார்கள். பிள்ளை செத்த செய்தி, முள்ளுக்கம்பிக்குள் இருந்த தாய் தகப்பனுக்கு வந்தது.

கறுப்பினத்தவர் நிலையும் நல்லதில்லை. யுத்தத் தொழிற்சாலைகளில் நிறம் பார்த்து வேலை மறுக்கக்கூடாது என்ற கட்டளையை, ஏ. பிலிப் றண்டோல்ப் என்ற தொழிற்சங்கத் தலைவர் தலைநகருக்கு ஊர்வலம் கொண்டு வருவேன் என்று சொன்ன பிறகுதான் 1941 யூனில் பிறப்பித்தார்கள். 1943 யூனில் டெற்றொயிற் நகரக் கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். அதில் 25 பேர் கறுப்பினத்தவர்.

46 வருசம் கழித்து, 1988 இல், அமெரிக்கா மன்னிப்புக் கேட்டுச் சட்டம் இயற்றி, உயிரோடிருந்த ஒவ்வொரு முகாம்வாசிக்கும் 20,000 டொலர் கொடுக்க முடிவு செய்தது. அது சும்மா வரவில்லை. முகாமில் இருந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் திகதி, பெயர், இழந்த தோட்டம், விற்ற விலை எல்லாவற்றையும் சொல்லி, எழுதி, சாட்சியம் கொடுத்ததால் வந்தது.

எங்களுக்கு

சனம் தட்டுப்பாட்டைத் தாங்கும், ஓரவஞ்சனையைத் தாங்காது. இதுதான் அந்த நாலு வருசத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது. சீனிக் கூப்பனில் அமெரிக்கா நியாயமாக நடந்தது, நாடு ஒன்றாக நின்றது. முள்ளுக்கம்பியில் அநியாயம் செய்தது, அந்தக் கறை இன்னும் போகவில்லை. இரண்டையும் செய்தது ஒரே அரசாங்கம், ஒரே ஜனாதிபதி.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்து ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள், 2006 இல் ஏ-9 பாதை மூடியபோது சங்கக்கடை வாசலில் நின்றவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அமெரிக்கர்களின் பாண் விலையை 80 வருசம் கழித்து நான் இங்கே இருந்து எழுதக்கூடியதாக இருக்கிறது. ஏனென்றால் அவர்கள் எழுதி வைத்தார்கள். எங்களுடைய மண்ணெண்ணெய் விலையை எழுதி வைத்தது யார்? இந்தப் புத்தாண்டுக்குக் கைவிசேடம் வாங்கும் பிள்ளைகளிடம் ஒரு கொப்பியும் பேனையும் கொடுங்கள். அம்மம்மாவுக்கு முன்னால் இருந்து, எந்த வருசம் என்ன விலை, எத்தனை மணித்தியாலம் கியூவில் நின்றீர்கள், யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டு எழுதட்டும். அடுத்த மலரில் அதைப் போடலாம்.

அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.